ஒரு மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர்

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பர்பேங்க் நகரில், தெற்கு விக்டரி சாலை 1104 என்ற முகவரியைத் தேடிப் போனேன். அங்கே இருந்த கடை எப்போதோ மூடிவிட்டது என்று தெரிந்தேதான் போனேன். அகலமான சாலை, ஓயாத வண்டிகள், தூரத்தில் வெயிலுக்கு வெளுத்துக் கிடக்கும் மலை. 1940-களின் கடைசியில் இந்த முகவரியில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் விற்ற ஆயத்தக் கொட்டகை ஒன்று நின்றது. இரண்டு கார் நிற்கும் அளவுதான். அதற்குள் ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’ நடந்தது. ராணுவ விமானப் படையில் இருந்த அலெக்ஸ் ஸைடியஸ், 1946 மார்ச் 3 அன்று பணியிலிருந்து விடுபட்ட அதே நாளில் திறந்த கடை அது. முதலில் வேறு தெருவில் இருந்தது, பிறகு இங்கே வந்தது, 1961-இல் மூடப்பட்டது.

அந்த மாதிரிக் கொட்டகை ஒன்றை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் கட்ட வேண்டும். அதற்காகத்தான் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தேன். ஸைடியஸின் கடையை அப்படியே நகலெடுக்கும் எண்ணம் இல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியின் சந்து பொந்துகளில் இருந்த, பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறையைக் கட்ட நினைத்தேன்.

ஹாட் ராட் என்ற சொல்லைக் கேட்டதும் தீப்பிழம்பு வரைந்த, பளபளக்கும் கார்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது பின்னால் வந்த கோலம். தொடக்கத்தில் அது கையில் காசில்லாத இளைஞர்களின் வேலை. பழைய ஃபோர்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். மட்கார்டு, பானெட், முன்கண்ணாடி என்று எடையுள்ளதையெல்லாம் கழற்றுவார்கள். எஞ்சினில் கை வைத்து வேகமாக்கி, வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார்கள். 1932-இல் ஹென்றி ஃபோர்டு சாமானியர் வாங்கும் விலையில் வி-8 எஞ்சின் கொடுத்ததுதான் இதற்கெல்லாம் விதை. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்கில் உட்கார்ந்திருப்பதால் மேலே இருக்கும் ஹெட், தட்டையான மூடிதான். அதனால் அதற்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர் வந்தது.

இந்தக் கொட்டகைகளில் என்னை இழுத்தது ஒன்றே ஒன்று. உள்ளே இருந்த பொருளில் பாதி, வேறு எதற்கோ செய்யப்பட்டது. 1932 காரில் 1939 கியர்பாக்ஸ் இருக்கும். கம்பி இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1939 முதல் வந்த ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்தியிருப்பார்கள். போர் முடிந்து மலிவாக விற்ற குண்டுவீச்சு விமானத்தின் இருக்கை, ஓட்டுநர் இருக்கையாகும். இதன் உச்சம் ‘பெல்லி டேங்க்’. போர் விமானங்கள் இறக்கைக்கடியில் தொங்கவிட்டுப் பறந்து, காலியானதும் கழற்றி எறிந்த எரிபொருள் கலன் அது. தெற்குப் பசிபிக்கில் அவற்றைப் பார்த்த பில் பர்க், 1946-இல் ஒன்றுக்குள் எஞ்சினை வைத்து நான்கு சக்கரம் பூட்டினார். அடுத்து பி-38 விமானத்தின் 315 கேலன் கலன் வந்தது. அது இன்னும் தோதாக இருந்தது. பி-38-ஐக் கட்டியது இதே பர்பேங்கில் இருந்த லாக்ஹீட் தொழிற்சாலை. அந்தக் கலனில் ஸைடியஸ் செய்த கார் 1952-இல் மணிக்கு 198 மைலைத் தொட்டது. விமானம் கட்டிய ஊரிலேயே அதன் மிச்சம் காராகியிருக்கிறது. விக்டரி சாலையோரம் நின்றபோது அந்த நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வேலையில் கார் எளிது, ஏனென்றால் அது பெட்டியில் வந்துவிடுகிறது. 1932 ஃபோர்டை ஏஎம்டி, ரெவல் இரண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகளாக அச்சில் வார்த்துத் தந்திருக்கின்றன. ரெவல் ஒரு காலத்தில் இதே லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில்தான் இருந்தது. பட்டறை பெட்டியில் வராது. சுவர், தரை, விட்டம், வேலைப் பெஞ்சு, எண்ணெய்க் கறை எல்லாம் நம் கையால் ஆக வேண்டும். அளவு பிசகினால் கொலுவில் வைக்கும் பூங்காவாகிவிடும். மயில் வீட்டைவிட உயரமாக நிற்கும், கொலுவுக்கு அது அழகு, இங்கே ஆகாது.

அமெரிக்கக் கார் மாதிரிகளில் 1/24, 1/25 என்று இரண்டு அளவுகள் புழங்குகின்றன. முதலாவதில் ஓர் அடிக்கு அரை அங்குலம். நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது. ஒரு மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் என்பதால் கணக்குப் போடக் காகிதமே வேண்டாம். ஆறு மீட்டர் கொட்டகை 24 சென்டிமீட்டர் ஆகும். ஆறடி மனிதர் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வருவார். 88 சென்டிமீட்டர் உயர எண்ணெய்ப் பீப்பாய் மூன்றரை சென்டிமீட்டர் ஆகிறது. ஏழு மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் ஒயர் 0.28 மில்லிமீட்டர், மோட்டார் காயில் சுற்றும் செம்புக் கம்பி அந்தத் தடிமனில் கிடைக்கும்.

அளவுக்கு அடுத்தது காலம். சுவரில் மாட்டப்போகும் நாட்காட்டியில் 1949 ஜூலை என்று முடிவு செய்தேன். யூட்டாவின் பானவில் உப்பு வெளியில் முதல் ‘ஸ்பீட் வீக்’ வேகப் பந்தயம் நடந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். அதற்கு முந்திய மாதம் இந்தக் கொட்டகைகளில் தூக்கம் இருந்திருக்காது. ஜூலை 1949 என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு பிறந்த எதுவும் உள்ளே வரக் கூடாது. ஃபிளாட்ஹெட்டை ஓரங்கட்டிய ஷெவர்லே வி-8 வந்தது 1955-இல், ஆகவே கிடையாது. எட் ராத்தின் ராட்சத எலிப் படங்களும் பிற்காலம். கடைகளில் விற்கும் ‘பழைய கராஜ்’ அலங்காரப் பலகைகள் பெரும்பாலும் எல்லாப் பத்தாண்டுகளையும் ஒரே சுவரில் கலந்து அடிப்பவை. அவற்றைத் தொடவேயில்லை.

வில்ஷர் சாலையும் ஃபேர்ஃபாக்ஸும் சந்திக்கும் மூலையில் பீட்டர்சன் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. சிவப்புக் கட்டடத்தின்மேல் எஃகுப் பட்டைகள் சுற்றிப் பறக்கிற மாதிரி 2015-இல் முகப்பை மாற்றியிருக்கிறார்கள். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கிய ராபர்ட் பீட்டர்சனின் பெயரில் அமைந்த இடம். அந்த இதழின் ஆரம்பகால உள்பக்கப் படங்கள் கறுப்பு வெள்ளை; நிறம் தெரிந்துகொள்ள நேரில் கார்களைப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன், குனிந்து குனிந்து பார்த்தேன். ஆனால் மீட்டெடுத்த கார்களின் பளபளப்பை நம்பிப் பட்டறை கட்ட முடியாது. அன்றைக்குப் பாதி கார்கள் பிரைமர் பூச்சோடுதான் ஓடின, மேல்பூச்சுக்குக் காசு சேரவில்லை. சிறிய உருவத்தில் பளபளப்பு இன்னும் கெடுதல் செய்யும். மாதிரிப் பெட்டியில் வரும் குரோம் பூச்சை வீட்டு பிளீச்சில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு, மங்கலான அலுமினிய நிறம் அடித்தால்தான் கண் நம்பும்.

வெள்ளிக்கிழமை மாலை பர்பேங்கின் பாப்ஸ் பிக் பாய் உணவகத்தில் எனக்குக் கிடைத்தது அதிகம். வேய்ன் மெக்காலிஸ்டர் வடிவமைத்து 1949-இல் கட்டியது. என் நாட்காட்டியின் ஆண்டு. வெள்ளி மாலைகளில் பழைய கார்க்காரர்கள் அதன் வாகன நிறுத்தத்தில் கூடுவார்கள். இங்கே வருபவை ஓடுகிற கார்கள். எனக்காகக் கார் ஓட்டிக்கொண்டிருந்த சித்தி மகன், நான் டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, “அண்ணே, எல்லாரும் எஞ்சினைப் படம் எடுக்கிறாங்க, நீங்க தரையை எடுக்கிறீங்க” என்றான். டயர் தரையைத் தொடும் இடம்தான் வேண்டியிருந்தது. காரின் கனத்தில் டயரின் அடி தட்டையாகி, பக்கவாட்டுச் சுவர் லேசாகப் பிதுங்கும். மாதிரியில் டயரின் அடியை உப்புத்தாளில் துளி தேய்த்துவிட்டால் காருக்கு எடை வந்துவிடுகிறது. தேய்க்காவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகப் பெயின்ட் அடித்தாலும் கார் மிதக்கும்.

சான்டா ஃபே ஸ்பிரிங்ஸுக்கும் ஒரு நடை போனேன். எண்ணெய்க் கிணறுகளால் வளர்ந்த ஊர். டீன் மூனின் பட்டறை இருந்த இடத்தில் மஞ்சள் நிறமும் இரண்டு கண்களும் கொண்ட ‘மூன்ஐஸ்’ கடை இன்றும் நடக்கிறது. கரோல் ஷெல்பியின் முதல் கோப்ராவுக்கு 1962-இல் எஞ்சின் ஏற்றியது மூனின் பட்டறையில்தான். பெயர்பெற்ற அந்த அலுமினியச் சக்கர மூடிகள் மனசைப் பிடித்து இழுத்தன. அவை என் நாட்காட்டிக்குப் பிந்தியவை என்பதால் பார்த்துவிட்டு வந்தேன்.

பொமோனாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபேர்பிளெக்ஸ் கண்காட்சி மைதானத்தில் வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார், பழைய உதிரிபாகச் சந்தை கூடுகிறது. விடியுமுன்னே கையில் டார்ச் விளக்கோடு ஆட்கள் நுழைகிறார்கள். தரையில் விரித்த தார்ப்பாயில் ஃபிளாட்ஹெட் மூடிகள், ஸ்டீயரிங் பெட்டிகள், துருப்பிடித்த கிரில்கள், 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவப் பின்விளக்குகள். பட்டறைக்குள் எதையெல்லாம் வைக்கலாம் என்று தேடி வந்தவனுக்கு அது ஒரு நூலகம். கையில் எடுத்துப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், அளக்கலாம். வெர்னியர் காலிப்பரைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரை இருபக்கமும் அளந்தேன். அந்தக் கால வேகக்காரர்கள் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக மேனிஃபோல்டில் வரிசைகட்டி ஏற்றியது அதைத்தான். விக் எடல்பிராக் வார்த்து விற்ற ‘ஸ்லிங்ஷாட்’ மேனிஃபோல்டில் இரண்டு உட்காரும்.

ஒரு கடைக்காரர், எண்பதைத் தாண்டியவர், நான் அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்ன செய்கிறேன் என்று கேட்டார். கைபேசியில் என் வரைபடத்தைக் காட்டினேன். பெஞ்சின்மேலும் தரையிலும் ஸ்பேனர்களைச் சிதறவிட்டு வரைந்திருந்தேன். பட்டறை மாதிரிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். “இத்தனை ஸ்பேனர் யாரிடம் இருந்தது?” என்றார். அவருடைய அண்ணன் வைத்திருந்தது ஒரே ஒரு செட். அதில் ஒன்று தொலைந்தால் அந்த வாரம் வேலை நிற்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஆணி உண்டு. ஆணிக்குப் பின்னால் பென்சிலால் அதன் உருவம் வரைந்திருக்கும், எது திரும்பி வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிய. குப்பை சேர்ந்தது கழற்றிய பாகங்களில்தான், கருவிகளில் இல்லை என்றார்.

எனக்கு அந்தப் பயணத்திலேயே பெரிய வரவு அதுதான். வறுமையில் நடந்த தொழிற்கூடத்தின் ஒழுங்கு அது. கருவி குறைவு, அதனால் அடுக்கு நேர்த்தி. பாகம் மிகுதி, அதனால் மூலையில் குவியல். எதையும் எறிய மாட்டார்கள், நாளைக்கு வேறொன்றாக ஆகலாம். எட் இஸ்கெண்டேரியன் தன் கேம்ஷாஃப்ட் தொழிலைத் தொடங்கியதுகூட, பழைய உருளை கிரைண்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதைக் கேம் தீட்டும் இயந்திரமாகத் தானே மாற்றித்தான். என் வரைபடத்தில் இருந்த ஸ்பேனர்களை அன்று இரவே அழித்தேன். சுவரில் வெற்று ஆணிகள் இரண்டையும், அவற்றுக்குப் பின்னே பென்சில் உருவங்களையும் வைத்தேன். அந்த இரண்டு ஸ்பேனர்களும் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அதே மைதானத்தில் வாலி பார்க்ஸ் பெயரில் 1998-இல் திறந்த மோட்டார் பந்தய அருங்காட்சியகமும் இருக்கிறது. தெருப் பந்தயத்தை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-இல் என்ஹெச்ஆர்ஏ அமைப்பைத் தொடங்கியவர் அவர். நல்ல அருங்காட்சியகம்தான், ஆனால் தார்ப்பாய்ச் சந்தையில் அளந்து பழகிய கைக்கு அங்கே கட்டியிருந்த கயிறு இடைஞ்சலாக இருந்தது.

எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குப் போகாமல் இந்தப் பட்டறையைக் கட்ட முடியாது, ஏனென்றால் இந்தக் கார்கள் எல்லாம் போக நினைத்த இடம் அது. கஹோன் கணவாய் ஏறி மொஹாவே பாலைவனத்துக்குள் இறங்கினோம். ஜோஷுவா மரங்கள் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை வெளிர் மஞ்சள் களிமண் தரை, வெடித்து, பாளம் பாளமாக, கார் ஓட்டத் தட்டையாக. போருக்கு முன் பந்தயங்கள் பெரிதும் மூரோக் ஏரியில் நடந்தன. அதை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். 1937-இல் தொடங்கிய எஸ்சிடிஏ சங்கம் மே முதல் நவம்பர் வரை எல் மிராஜில் இன்னும் பந்தயம் நடத்துகிறது. 1.3 மைல் ஓட்டம். ஒரு கார் தனியாக ஓடும், போட்டி கடிகாரத்தோடுதான். ஓடி முடித்த பிறகும் தூசி அந்தரத்தில் நிற்கும்.

ஓட்டத்தைவிட, கார்கள் நிறுத்தியிருந்த பகுதியில்தான் அதிகம் சுற்றினேன். தூசி எப்படிப் படிகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரி செய்கிறவர்கள் பொதுவாகக் கார் முழுக்க ஒரே சீராகப் பழுப்புத் தூசியைத் தெளித்துவிடுவார்கள். உண்மையான தூசிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெய் கசியும் இடத்தில் ஒட்டிக் கறுக்கும். சக்கரத்தின் நடுக் குடத்திலிருந்து விரிந்த கதிர்களாகப் படியும். கியர்பாக்ஸ் அடியில் பசையாகத் திரளும். ஆள் சாய்கிற கதவோரம் கைபட்டுத் துடைத்துப் போயிருக்கும். எனவே முதலில் எண்ணெய் எங்கே ஒழுகும் என்று தீர்மானிக்க வேண்டும், தூசி தானாக அங்கே போகும்.

அந்த மண் மாவுபோல நைசு. 1/25 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல், இரண்டரை சென்டிமீட்டர் சல்லியாகத் தெரியும். ஆகவே ஆற்று மணல் எதற்கும் உதவாது. எங்கள் செருப்பிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டி வந்ததைத் தட்டி எடுத்து, துணியில் வஸ்திரகாயம் செய்தேன். ஒரு தீப்பெட்டி அளவு தேறியது. பட்டறைக்கு அதுவே தாராளம்.

சித்தி மகன் வீட்டுக் கராஜிலேயே ஒரு மேசை போட்டுக் கட்ட ஆரம்பித்தேன். தரைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, காய்ந்ததும் கான்கிரீட் பாளங்களின் கோடுகளைக் கீறினேன். நீர்த்த சாம்பல் நிறத்தைப் பல தடவை பூசினேன். எண்ணெய்க் கறை எஞ்சின் நிற்கும் இடத்திலும் காரின் கியர்பாக்ஸுக்கு நேர் கீழேயும் மட்டும். சுவருக்கு மரச்சட்டங்கள். அந்தக் காலத்து ‘டூ பை ஃபோர்’ சட்டம் இழைத்த பிறகு 1⅝-க்கு 3⅝ அங்குலம், நமக்கு 1.65-க்கு 3.7 மில்லிமீட்டர். பதினாறு அங்குல இடைவெளி என்பது 1.6 சென்டிமீட்டர். உள்பக்கம் பலகை அடிக்கவில்லை, சட்டங்கள் தெரியும். சட்டங்களுக்கு நடுவே வரும் குறுக்குக் கட்டைகள்தான் அந்தக் கொட்டகைகளின் அலமாரி. காபி டப்பாவில் ஆணி, எண்ணெய்க் குப்பி, பழைய ஸ்பார்க் பிளக்குகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும்.

வெளிச்சுவரின் உரிந்த வெள்ளைப் பூச்சுக்கு ஒரு நல்ல வழி உண்டு. மரத்துக்குப் பழைய சாம்பல் நிறம் ஏற்றி, காய்ந்ததும் கூந்தலுக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை அடித்து, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் பூச வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு, பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து, மேல்பூச்சு செதில் செதிலாக வரும். மழை படும் கீழ்ப்பலகையில் அதிகம் தேய்க்க வேண்டும், கூரையின் நிழல் விழும் மேல்பலகையில் தொடவே கூடாது.

நேரத்தையெல்லாம் விழுங்கியது எஞ்சின். ஒருபக்க ஹெட்டைக் கழற்றி வைத்த நிலையில் காட்ட விரும்பினேன். ஃபிளாட்ஹெட்டை அப்படிப் பார்த்தால்தான் அதன் உள்ளமைப்பு ஒரே நோக்கில் விளங்கும்: நான்கு சிலிண்டர் துளைகள், பக்கத்திலேயே எட்டு வால்வுகள். புகை பிளாக்குக்குள் வளைந்து வெளியேறுவதால்தான் இந்த எஞ்சின் எப்போதும் சூடேறிச் சிரமப்படுத்தியது என்பதும் புரியும். போருக்குப் பிந்திய 239 கன அங்குல எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். 3.2 மில்லிமீட்டர் துரப்பணத்தைக் கையால் சுழற்றித் துளைத்தேன். வால்வுத் தலைகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் குத்தி எடுத்தேன், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். பின்சுவரோரம் பெல்லி டேங்க்: பால்சா மரத்தில் செதுக்கி, பட்டி பார்த்து, இரண்டு பாதிகள் சேரும் விளிம்பை வைத்து, அலுமினியத் தாள் ஒட்டினேன். அதில் இன்னும் சக்கரம் ஏறவில்லை. ஜூலையில் ஏறியிருக்காது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ‘எல்ஜின் பார்க்’ என்ற கற்பனை ஊரைச் சிறு கார்களாலும் தன் கையால் செய்த கட்டடங்களாலும் படமெடுத்த மைக்கேல் பால் ஸ்மித்தின் முறையைப் பின்பற்றினேன். மாதிரியை வெளியே தூக்கி வைத்து, உண்மையான மரங்களும் வானமும் பின்னால் தெரிய, உண்மையான வெயிலில் படமெடுப்பது. கேமரா, உள்ளே நிற்கும் மனிதனின் கண் உயரத்தில், அதாவது ஆறரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது தெரியாததெல்லாம் அங்கே தெரியும். பெஞ்சின் விளிம்பு கனமாக இருந்தது, இழைத்தேன். கதவுக் கீல் பெரிதாக இருந்தது, மாற்றினேன். தரை சரியாக இருந்தது.

படத்தைப் பார்த்த சித்தி மகன் கேட்டான்: “இங்கிருந்து பானவில் அறுநூறு மைலுக்கு மேல இருக்கே அண்ணே, இந்த டேங்க்கை எப்படிக் கொண்டுபோனாங்க?” டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போனவர்கள் உண்டு. ரோட்ஸ்டர் காரையே ஒரு தண்டில் மாட்டி இழுத்துப்போய், ஓட்டி, திரும்பவும் இழுத்து வந்தவர்களும் உண்டு. அந்த இழுவைத் தண்டு என் கொட்டகையில் இல்லை. கதவுக்குப் பின்னால், வெளிச்சுவரில் சாய்த்து வைத்தால் பொருந்தும். அடுத்த பொமோனா சந்தையில் ஒன்றைத் தேடி அளக்க வேண்டும், காலிப்பர் போதாது, அளவுநாடா எடுத்துப் போக வேண்டும்.